வழிகாட்டிகளும் வழியில்லாதவர்களும்

விஞ்ஞான, தொழில்நுட்பத் துறைகளில் புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞருக்கு மூத்தோர் வழிகாட்டும் திட்டங்களைப் பற்றி ஓர் இலக்கிய ஏடு எழுதுவானேன் என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். கதை, கவிதை, நாடகம் என்று பேசிக்கொண்டிருப்பதை விட்டுக் கம்பனிக் கணக்குப் பார்க்கப் புறப்பட்டுவிட்டோமா என்று நகைப்போரும் இருப்பர். நமது விடை சுருக்கமானது. ஒரு சமுதாயத்தின் இளைஞர் எதைக் கற்கின்றனர், எந்த மொழியிற் கற்கின்றனர், யார் தயவிற் கற்கின்றனர் என்பவை இலக்கியத்துக்குப் புறம்பான விஷயங்கள் அல்ல. அன்றியும், இத்திட்டங்கள் தமக்கென ஒரு சொல்வழக்கையும் ஒரு கதைமரபையும் படைத்துவிட்டன. கதை எங்கே உண்டோ அங்கே விமர்சகனுக்கு வேலையுண்டு.

முதலில் இருப்பதைச் சொல்லிவிடுவோம். 2003ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் அமைந்த இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், 2010ஆம் ஆண்டையடுத்து 'ஸ்பைரலேஷன்' என்ற பெயரில், புதிய தொழில்நுட்பக் கம்பனிகளுக்குச் சிறு மானியமும் ஆலோசனையும் வழங்கும் திட்டமொன்றை நடத்தியது. 2012இல் 'லங்கன் ஏஞ்சல் நெட்வேர்க்' என்னும் முதலீட்டாளர் கூட்டு தோன்றிற்று. அதே ஆண்டில் 'வென்ச்சர் எஞ்ஜின்' போட்டியும் தொடங்கிற்று. 2016இல் ஜோன் கீல்ஸ் குழுமம் தன் பெயரில் ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. 'டிஸ்ரப்ட் ஏசியா' என்னும் மாநாடும் அவ்வாண்டிலேயே ஆரம்பமாயிற்று. 2018இல் கொழும்புக் கோட்டையில் 'ஹட்ச்' திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் 'யாழ் ஐ.டி. ஹப்' என்னும் இலாபநோக்கற்ற அமைப்பு 'யாழ் கீக் சலஞ்ச்' என்ற போட்டியை 2012 முதல் நடத்திவந்திருக்கிறது. பெயர்கள் இன்னும் உண்டு. எல்லாவற்றையும் அடுக்குவது நமது நோக்கமன்று.

இவற்றின் நடைமுறை பெரும்பாலும் ஒரே அச்சு. விண்ணப்பித்தவர்களுட் சில குழுக்களைத் தெரிவுசெய்கின்றனர். மூன்று மாதமோ ஆறு மாதமோ, வாரத்துக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம், அனுபவமிக்க ஒருவர் அவர்களோடு உரையாடுகிறார். இவரே 'மென்டர்'. கடைசி நாளன்று, பணமுடையோர் கூடிய மண்டபத்தில், ஒவ்வொரு குழுவும் ஐந்து நிமிடம் பேசித் தன் முயற்சியை விளங்கவைக்க வேண்டும். இந்த அச்சு அமெரிக்காவில் வார்க்கப்பட்டது. 2005இல் தொடங்கிய 'வை கொம்பினேட்டர்' இதன் மூலவடிவம். அது இளங்கம்பனிக்கு ஒன்றேகால் இலட்சம் டொலர் கொடுத்து அதன் ஏழு சதவீதப் பங்கைப் பெற்றுக்கொள்கிறது. அங்கே வழிகாட்டி, முதலீட்டாளர் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருப்பவர்கள்; கம்பனி மூழ்கினால் அவர்களுடைய பணமும் கூடவே மூழ்கும். நம் நாட்டுக்கு வந்துசேர்ந்தது பெரும்பாலும் அந்த அச்சின் மேற்புறந்தான். மேடையும் மணிக்கூடும் வந்தன. நட்டத்திற் பங்கெடுக்கும் பொறுப்பு அதே அளவில் வந்ததாக நாம் காணவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். தமது ஓய்வுநேரத்தை ஒதுக்கி, ஊதியம் கேளாது, முன்பின் அறியாத இளைஞனோடு உட்கார்ந்து பேசுகின்ற மூத்த பொறியியலாளரை நாம் குறைகூறவில்லை. அவர்களிற் பலர் உண்மையான அக்கறையுடையோர். நமது வழக்கு ஆட்களின்மீது அல்ல, ஏற்பாட்டின்மீது.

இத்திட்டங்கள் பரப்பும் வெற்றிக் கதைகளை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ எல்லாம் ஒரே வார்ப்பு. ஏழையோ நடுத்தரனோ ஆகிய ஓர் இளைஞன், அவன் மூளையில் ஒரு மின்னல், ஊரார் நகைக்கின்றனர், அவ்வேளை ஒரு பெரியவர் எதிர்ப்படுகிறார், ஒரு வார்த்தை சொல்கிறார், அந்த வார்த்தையே மந்திரமாகி, இளைஞன் கோடீசுவரன் ஆகிறான். நம் பாட்டிமார் சொன்ன கதைகளிற் காட்டு வழியிற் கிழவரொருவர் வந்து மூன்று மாங்கனி கொடுத்து மறைவாரே, அதே கிழவர் இப்போது காற்சட்டை அணிந்து வந்திருக்கிறார். பாட்டி கதையில் இது பொருந்தும். வரலாற்றில் எப்படிப் பொருந்தும்? இக்கதைகளில் விடுபடுபவை எவை என்று பார்த்தாற் போதும். தந்தையின் வங்கிப் பிணை கதையில் வராது. ஆங்கிலம் படிப்பித்த பள்ளிக்கூடம் வராது. வெளிநாட்டில் உத்தியோகம் பார்த்த பத்து வருடம் வராது. சம்பளமின்றி இரண்டு வருடம் வீட்டைத் தாங்கிய தமக்கையின் உழைப்பு வரவே வராது. உழைப்பின் வரலாற்றை அழித்துவிட்டு அதிர்ஷ்டத்தின் வரலாற்றை எழுதுவது பழைய தந்திரம்.

இலங்கையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் வெற்றிகளையே பாருங்கள். 'மில்லேனியம் ஐ.டி.' 1996இல் தொடங்கியது. 2009இல் இலண்டன் பங்குச் சந்தை அதனை மூன்று கோடி டொலருக்கு வாங்கியது. 'டபிள்யூ.எஸ்.ஓ.2' 2005இல் தொடங்கியது; 2024இல் அறுபது கோடி டொலருக்கு மேற்பட்ட தொகைக்கு ஐரோப்பிய முதலீட்டு நிறுவனமொன்றின் கைக்குப் போயிற்று. இவ்விரண்டும் நாம் மேலே சொன்ன திட்டங்கள் பிறக்குமுன்பே பிறந்தவை. டபிள்யூ.எஸ்.ஓ.2இன் நிறுவுநருள் ஒருவரான சஞ்சீவ வீரவரண, ஐ.பி.எம். கம்பனியின் ஆராய்ச்சிப் பிரிவிற் பல ஆண்டு வேலை செய்தவர். உலகெங்குமுள்ள நிரலாளர் கூடித் திறந்த மூலநிரல் எழுதும் 'அப்பாச்சி' சமூகத்திற் பழகியவர். அவரை உருவாக்கியது வாரத்துக்கு ஒரு மணிநேர உரையாடல் அன்று. தன்னிலும் வல்லாரோடு நாள்தோறும் ஒரே மேசையில் இருந்து, தான் எழுதியதைத் திருத்தக் கொடுத்து, திரும்ப எழுதிய அனுபவமே.

வழிகாட்டல் என்பது நமக்குப் புதிதா? கொழும்பிலேயே அதற்கு நீண்ட மரபு உண்டு. கொட்டாஞ்சேனையை அடுத்த செட்டியார் தெருவை எடுத்துக்கொள்வோம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இங்கே வட்டிக்கடை நடத்திய காலத்தில், செட்டிநாட்டிலிருந்து சிறு பையன் ஒருவன் கப்பலேறி வருவான். பெட்டியடிப் பையனாக உட்காருவான். பேரேடு எழுதப் பழகுவான், ஆளை எடைபோடப் பழகுவான், கொடுத்த கடனைக் கேட்கும் குரலைப் பழகுவான். பின்னர் அடுத்தாள் ஆவான். மூன்று வருடம் ஒரு கணக்கு; ஊர் போய்த் திரும்பி வந்தால் அடுத்த கணக்கு. கடையின் பொறுப்பே அவன் கைக்கு வரும்போது பல கணக்குகள் முடிந்திருக்கும். அவனுக்குக் கற்றுக்கொடுத்தவருக்கு அவனது வெற்றியிற் சொந்த நலன் இருந்தது. அவன் தவறினால் நட்டம் அவருக்கும் உண்டு. மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தையில் 'பாஸ்' என்று அழைக்கப்படும் தேர்ந்த கைவினைஞனும் அவனுடைய கையுதவிப் பையனும் ஒரே இயந்திரத்தின்கீழ்ப் படுத்துக் கிடப்பதை இன்றும் காணலாம். அந்தப் பையன் சாவியை எடுத்துக் கொடுப்பதிலேயே பாதி வித்தையைக் கற்றுவிடுகிறான்.

இந்த மரபைப் பொற்காலமாக்கிப் பாடுவது நமது எண்ணமன்று. செட்டியார் கடையிற் பெட்டியடி, சாதிக்காரப் பையனுக்கே உரியதாய் இருந்தது. கராஜிலே பையனுக்குக் கூலியிலும் அடி கூடுதலாகக் கிடைத்த கதைகள் அநேகம். வெள்ளவத்தை நெசவாலையில் ஆயிரக்கணக்கானோர் இயந்திர வித்தை பழகினர் என்றால், அதே ஆலையில் 1933இல் வேலைநிறுத்தமும் நிகழ்ந்தது, கொல்வின் ஆர். டி சில்வா அவ்வாலைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். கற்பித்த இடமும் சுரண்டிய இடமும் ஒன்றே. ஆனாலும் ஓர் உண்மை நிற்கிறது: வித்தை கைமாறியது ஒரு வேலைத்தலத்தில், சொற்பொழிவு மண்டபத்தில் அன்று.

அந்த நெசவாலை நின்ற நிலத்தில் இன்று ஹவ்லொக் சிட்டி என்னும் உயர்ந்த தொடர்மாடிகள் நிற்கின்றன. இதைச் சொல்லும்போதே கொழும்புத் தமிழரின் தனித்த பிரச்சினைக்கு வந்துவிட்டோம். வெள்ளவத்தையிற் காலி வீதியின் இருமருங்கும் நடந்து பாருங்கள். தொடர்மாடி, நகைக்கடை, புடைவைக்கடை, டியூட்டரி, வெளிநாட்டுப் பயண முகவர் நிலையம். இங்கே பணம் இல்லையென்று யாரும் சொல்லமுடியாது. இலண்டனிலிருந்தும் டொரொன்ரோவிலிருந்தும் வந்து சேருகிறது. ஆனால் அந்தப் பணம் சுவராகிறது, பொன்னாகிறது, விசாவாகிறது; பட்டறையாவது அரிது. 'நம்மவர்க்குத் துணிச்சல் இல்லை' என்று மேடையில் வழிகாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வரலாறு அறியாத பேச்சு இது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் இந்நகரத் தமிழரின் முதலுக்கு என்ன நேர்ந்தது? 1983 யூலையிற் கடைகள் எரிந்தன. இரத்மலானையிலும் பிற இடங்களிலும் தமிழர் நடத்திய ஆலைகள் எரிந்தன. ஆலை எரிந்தால் இயந்திரம் மட்டும் எரிவதில்லை. அந்த இயந்திரத்தை முப்பது வருடம் அறிந்திருந்த போர்மன் கப்பலேறிப் போகிறார், கணக்கர் போகிறார், பொறியியலாளர் விமானமேறிப் போகிறார். அவர்களிடம் பழகியிருக்கவேண்டிய அடுத்த தலைமுறை, ஆளற்ற வாசலில் நிற்கிறது. எரியக்கூடிய எதிலும் பணத்தைப் போடாதே என்பதே அந்த யூலையின் பாடம். எடுத்துக்கொண்டு ஓடக்கூடியதைத் தேடிய முதலைக் கோழை என்று ஏசுவதற்கு முன், அது யாரால் கோழையாக்கப்பட்டது என்று கேட்கவேண்டும்.

ஆகவே, கொழும்பிலே தமிழ் இளைஞனுக்கு வழிகாட்டி இல்லை என்பது அறுந்துபோன சங்கிலியின் பிரச்சினை. பயிற்சிப் பட்டறையொன்று குறைவாயிருப்பதால் வந்ததன்று. புலம்பெயர்ந்த பொறியியலாளர் இன்று கணினித் திரையிற் தோன்றி ஆலோசனை கூறுகின்றனர். யாழ் ஐ.டி. ஹப் போன்ற அமைப்புக்களின் பெரும்பலம் அவர்களே. அறுந்த சங்கிலியின் ஒரு முனையைக் கடல் கடந்து பிடித்துத் தரும் முயற்சி இது, நன்றியோடு வரவேற்கிறோம். ஆயினும் மென்பொருளைத் திரை வழியே திருத்தலாம். பற்றாசு பிடித்த இடம் சரியா என்று கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

மொழிக்கு வருவோம். ஓர் இளைஞனைக் கற்பனை செய்துகொள்வோம், பெயர் வேண்டாம். கொட்டாஞ்சேனையிற் பிறந்து, தமிழ் மொழிமூலம் உயர்தரம் வரை விஞ்ஞானம் படித்தவன். முகத்துவாரத்து மீன் வியாபாரிகளின் ஐஸ் பெட்டிகளில், மூடி எத்தனை தரம் திறக்கப்படுகிறது, உள்ளே சூடு எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் சிறு கருவியொன்றைச் செய்திருக்கிறான். உறுப்புக்களைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலே வாங்கினான். கருவி வேலை செய்கிறது. உப்புநீர் பட்டதும் நின்றுவிடுகிறது. அவனுக்கு இப்போது தேவையானவை இரண்டு: உப்புக்காற்றில் உலோகமும் மின்சுற்றும் கெடாமற் காக்கத் தெரிந்த ஒருவர், இருபது பெட்டிகளிற் பொருத்திப் பார்க்க ஒரு வியாபாரி.

இவன் கோட்டையில் நடக்கும் ஒரு திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் ஆங்கிலத்தில். நேர்முகம் ஆங்கிலத்தில். தெரிவானால், முதல் மாதம் சந்தையின் பருமனை மதிப்பிடப் பழக்குகின்றனர். இரண்டாம் மாதம் படவில்லை ஆயத்தம். மூன்றாம் மாதம் மேடைப் பேச்சு. 'இது ஸ்கேல் ஆகுமா?' என்பதே ஓயாத கேள்வி. வங்கதேசம், இந்தோனேசியா என்று வரைபடம் காட்டச் சொல்கின்றனர். முகத்துவாரத்து இருபது பெட்டி யாருக்கும் ஞாபகமில்லை. உப்புநீரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இறுதி நாளில், அவனைவிட மோசமான கருவியுடைய, அவனைவிட நல்ல ஆங்கிலமுடைய ஒருவனுக்குப் பரிசு கிடைக்கிறது. பரிசு பெற்றவனையும் நாம் பகைக்கவில்லை. அவனும் இன்னும் ஓராண்டில் உப்புநீரைச் சந்திக்கத்தான் போகிறான்.

ஆங்கிலம் வேண்டாம் என்பவர் அல்லர் நாம். உலக விஞ்ஞானத்தின் வாசல்களில் அது பெரியது. நம் சர்வகலாசாலைகளில் பொறியியல் அம்மொழியிலேயே கற்பிக்கப்படுகிறது. அரசாங்கப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானத்தை ஆங்கிலத்திற் படிக்கும் வாய்ப்பு 2001இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் அதற்கு ஆசிரியர் இருக்கும் பாடசாலைகள் எத்தனை? உள்ள நிலைமை இதுவாயிருக்க, சிந்தனையின் தரத்தை உச்சரிப்பின் தரத்தால் அளக்கும் திட்டம், திறமையைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வர்க்கத்தையே தேடுகிறது. இதே நிலைதான் மாத்தறையிலிருந்து வரும் சிங்கள இளைஞனுக்கும். அவனும் நம்மவனும் ஒரே வாசலில் நிற்கின்றனர் என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும்.

'ஸ்கேல்' என்னும் சொல்லையும் சற்று உரசிப் பார்ப்போம். இதற்கு வளர்ச்சி என்று மொழிபெயர்க்கின்றனர். வளர்ச்சி வேறு, பெருக்கம் வேறு. முருங்கை வளர்கிறது, பாசி பெருகுகிறது. மென்பொருளை ஒருமுறை எழுதிவிட்டால் நூறு பேருக்குக் கொடுப்பதற்கும் நூறாயிரம் பேருக்குக் கொடுப்பதற்கும் செலவு அவ்வளவு கூடாது. அங்கே பெருக்கம் இயல்பு. ஒரு புதிய உரத்துக்கோ மருந்துக்கோ கருவிக்கோ அது பொருந்தாது. சோதனைக்குழாயிற் கிராம் கணக்கிற் செய்தது, தொன் கணக்கிற் செய்யும்போது வேறொன்றாய் மாறி நிற்கும். இடையிலே சிற்றளவுத் தொழிற்சாலை வேண்டும், வயல் வேண்டும், பருவங்கள் வேண்டும். விதைத்த நெல்லை மூன்று மாதத்தில் அறுக்கலாம். விதைநெல்லையே புதிதாய் ஆக்க மூன்று மாதம் போதாது.

இதற்கு நமது நாடே சாட்சி. 2008இல் அரசாங்கமும் பிரண்டிக்ஸ், டயலொக், ஹேலீஸ், லோட்ஸ்டார், எம்.ஏ.எஸ். ஆகிய ஐந்து தனியார் நிறுவனங்களும் கூடி இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்தை அமைத்தன. பின்னர் அது ஹோமாகமையில் நிலைகொண்டது. யூரியா உரம் வயலிற் போட்டதும் விரைவிற் கரைந்து பெரும்பகுதி வீணாகிப் போவதை நம் விவசாயிகள் அறிவர். அங்குள்ள விஞ்ஞானிகள், எலும்பிலும் பல்லிலும் உள்ள ஹைட்ரொக்சிஅபடைட் என்னும் கனிமத்தின் நுண்துகள்களோடு யூரியாவைப் பிணைத்து, நைதரசன் மெல்ல மெல்ல வெளியேறும்படி செய்தனர். நில்வலா கோட்டேகொடவும் குழுவினரும் 2017இல் 'ஏ.சி.எஸ். நனோ' சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையின்படி, வெறும் யூரியாவைவிடப் பன்னிரண்டு மடங்கு மெதுவாக அது வெளியேறியது. வயற் பரிசோதனையில் யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் நெல் விளைச்சல் குறையவில்லை.

பிறகு 2021 வந்தது. இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரே வீச்சில் நிறுத்திற்று. வயல்கள் வாடத் தொடங்கியதும் அவ்வாண்டு ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து விமானமேற்றி வந்தது என்ன தெரியுமா? நனோ நைதரசன் திரவ உரம். அது இலைமேற் தெளிப்பது, நம்மவர் ஆக்கியது மண்ணில் இடுவது. இரண்டும் ஒன்றல்ல, திரவ உரத்தின் பயனைப் பற்றியும் விவாதம் உண்டு. நாம் சுட்டுவது வேறு. நான்கு வருடத்துக்கு முன் உலகறிய எழுதப்பட்ட ஒரு கண்டுபிடிப்பு, நாட்டுக்கு அதனினும் அவசரத் தேவை ஒன்று வாய்க்க முடியாத நாளில், மூடை மூடையாகக் களஞ்சியத்தில் இருக்கவில்லை. அந்த விஞ்ஞானிகளுக்கு மேடைப் பேச்சுப் பழக்கியிருந்தால் இருந்திருக்குமா? தேவைப்பட்டது ஆலை, பத்து வருடம் பொறுக்கும் முதல், விளைந்ததை வாங்குவதாக வாக்குக் கொடுக்கும் ஓர் அரசு. விஞ்ஞான ஆராய்ச்சிக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியே செலவிடும் நாட்டில், மேற்கூறிய மூன்றுக்கும் பதிலாக ஆலோசனை வழங்கப்படுகிறது. ஆலோசனை மலிவு.

இது இன்று நேற்று நேர்ந்ததும் அன்று. ரே விஜேவர்தன என்ற பொறியியலாளர் 1950களில் இரு சில்லு உழவு இயந்திரத்தை வடிவமைத்தார். நம் வயலுக்கென்று பிறந்த அந்த 'லாண்ட்மாஸ்டர்' உற்பத்தியானது இங்கிலாந்திலே. நமக்கு அது இறக்குமதிப் பொருளாக வந்தது! பிற்காலத்தில் அவரே அந்த உழவு முறையைக் கேள்விக்குள்ளாக்கி, உழாத வேளாண்மையைப் பற்றிப் பேசினார் என்பது தனிக் கதை. தாம் ஆக்கியதைத் தாமே விமர்சிக்கும் அந்த நேர்மை நமது எழுத்தாளருக்கும் வாய்த்தால் நன்று.

அப்படியானால் வேறு எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். பாக்குநீரிணைக்கு அப்பால், சென்னையைப் பார்ப்போம். இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா 1980களில் ஆசிரியராகச் சேர்ந்தவர். தம் மாணவரைக் கொண்டு கம்பனிகளைத் தொடங்கச் செய்து, 1990களில் அவர்களோடு சேர்ந்து 'கோர்டெக்ட்' என்னும் மலிவான கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கினார். அவர் முன்னின்ற ஆராய்ச்சிப் பூங்கா 2010இல் இயங்கத் தொடங்கியது. அக்கழகத்தின் நிழலிற் பிறந்த கம்பனிகளுள் ஒன்று 'அக்னிகுல்'. 2017இல் இரு இளைஞர், எரிதல் ஆராய்ச்சியில் வல்லவரான பேராசிரியர் சத்தியநாராயணன் சக்கரவர்த்தியோடு சேர்ந்து தொடங்கினர். பேராசிரியர் அவர்களுக்கு வாரமொரு மணிநேரம் ஒதுக்கவில்லை, தாமே பங்காளியானார். எரிதல் ஆய்வுகூடம் பக்கத்திலே இருந்தது. இந்திய விண்வெளி நிறுவனம் ஸ்ரீஹரிகோட்டாவில் இடமளித்தது. அங்கே 2022இல் அவர்களுக்கென ஏவுதளம் எழுந்தது. 2024 மே 30ஆந் தேதி, முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த எஞ்சினோடு அவர்களுடைய ஏவூர்தி எழுந்தது. ஏழு வருடம். இடையிலே ஏவல் பலமுறை ஒத்திவைக்கப்பட்டது. மூன்று மாதத் திட்டமொன்றில் இருந்திருந்தால் முதலாவது ஒத்திவைப்போடு வழிகாட்டி விடைபெற்றிருப்பார்.

உடனே ஒரு மறுப்பு எழும்: அந்தக் கழகமும் மேட்டுக்குடியினரின் கோட்டைதானே? ஆம். அதன் வாசலும் பலருக்கு அடைத்தே கிடக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் உள்ளே நுழைந்தவனுக்கு அங்கே வார்த்தையோடு உலையும் கிடைக்கிறது. நமது திட்டங்களில் வாசலும் ஒடுக்கம், உள்ளே உலையும் இல்லை.

வழிகாட்டியின் எல்லையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மைக்கேல் பரடே புத்தகம் கட்டும் பட்டறையிற் பயிலுநனாக இருந்த ஏழைப் பையன். 1812இல் ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டு, குறிப்பெழுதி, தன் கையாலேயே கட்டி அவருக்கு அனுப்பினான். 1813இல் டேவி அவனைத் தம் ஆய்வுகூடத்துக்கு உதவியாளாக எடுத்தார். சம்பளம் கிடைத்தது; மேல்மாடியில் இருக்க அறை கிடைத்தது; எல்லாவற்றிலும் மேலாக, ஆய்வுகூடம் கிடைத்தது. வழிகாட்டலுக்கு இதனினும் நல்ல உதாரணம் இல்லையெனலாம். ஆனால் அதே ஆண்டில் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது டேவியின் மனைவி பரடேயை வேலைக்காரனாகவே நடத்தினாள். 1824இல் றோயல் சங்கத்துக்குப் பரடே தெரிவானபோது அதை எதிர்த்தவர் வேறு யாருமல்லர், அச்சங்கத்தின் தலைவராயிருந்த டேவிதான். குருவின் கருணையை மட்டும் நம்பியிருந்தால் அன்றோடு பரடேயின் கதை முடிந்திருக்கும். ஆய்வுகூடம் டேவியின் சொத்தாக இல்லாமல் ஒரு ஸ்தாபனத்தின் உடைமையாக இருந்ததால் அவர் தொடர்ந்து அங்கே நின்று உழைக்க முடிந்தது.

இந்த வேறுபாடு நமக்கு முக்கியமானது. கருணையுள்ள பெரியவர்களின் பட்டியலை நீட்டுவதால் மட்டும் பிரச்சினை தீராது. கொழும்பில் அத்தகைய ஸ்தாபனம் இல்லையா? உண்டு. உலக வங்கிக் குழுவொன்றின் ஆலோசனையைத் தொடர்ந்து 1955இல் அமைக்கப்பட்ட விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிலையம், 1998 முதற் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. பௌத்தாலோக மாவத்தையிலுள்ள அதன் கட்டடம் வெள்ளவத்தையிலிருந்து கூப்பிடு தொலைவு என்று சொல்லலாம். ஏக்கலையில் 1974 முதல் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் இருக்கிறது, ஏ.என்.எஸ். குலசிங்கவின் தலைமையில் எழுந்த அந்த நிலையம், மலிவான கொங்கிரீட் தளம், வைக்கோலிலிருந்து எரிவாயு என்று சாதாரண மனிதனின் தேவையிலிருந்தே பிரச்சினைகளை எடுத்தது. உப்புக்காற்றில் உலோகம் கெடுவதைப் பற்றித் தெரிந்தவர்கள் இத்தகைய கட்டடங்களில் இருக்கின்றனர். கொட்டாஞ்சேனை இளைஞன் அவர்களை அறியமாட்டான். அவர்களும் அவனை அறியமாட்டார்கள். இருவருக்குமிடையே பாலம் கட்டவேண்டிய திட்டங்கள், அவனைக் கோட்டையிலே கண்ணாடி அறையில் இருத்திப் பேச்சுப் பழக்குகின்றன.

திட்டங்களை நடத்துவோரிடம் நாம் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு தொகுதியிலும் சில இடங்களையேனும் தமிழிலும் சிங்களத்திலும் நேர்முகம் நடத்தித் தெரிவுசெய்யுங்கள். மேடைக்குச் செலவிடும் மாதத்தை ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். அரசாங்க நிறுவனங்களின் கருவிகளைச் சனிக்கிழமைகளிலாவது இவ்விளைஞர் தொடும்படி ஒழுங்கு செய்யுங்கள். பஞ்சிகாவத்தை பாஸையும் வழிகாட்டிகளின் பட்டியலிற் சேர்த்து, கோட் அணிந்தவருக்குக் கொடுக்கும் நாற்காலியையே அவருக்கும் போடுங்கள். திட்டம் முடிந்த பின்னும் இரண்டு வருடம் வழிகாட்டி விலகக்கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

அரசாங்கத்திடம் கேட்பது அதைவிடச் சுலபமானது. இலங்கை மீன்பிடிக் கூட்டுத்தாபனம் 1964 முதல் மீன் வாங்கி விற்கும் ஸ்தாபனம். ஐஸும் பெட்டியும் அதன் அன்றாடத் தொழில். இத்தகைய கருவியொன்று வந்தால் ஐம்பது பெட்டிகளை ஒரு பருவத்துக்குக் கொடுத்துப் பார்க்கட்டும். கருவி பழுதானால், எந்த இடத்தில், எந்த அலை அடித்தபோது பழுதானது என்று பெட்டி சுமக்கிறவர்களே அந்த இளைஞனிடம் சொல்வார்கள். அவனுக்கு விளங்கும் மொழியிலேயே சொல்வார்கள்.